ஆறு அம்பு

தை பிறந்து மூன்றாம் நாள்
செவத்தான்குட்டைக் கோயிலில்
செபஸ்தியாரைப் பீடத்திலிருந்து இறக்கினோம்.
பெயின்டர் தொபியாஸ் முதலில் அம்புகளைக் கழற்றினான்.
ஆறு. தகரம்.
பழைய பேப்பரில் சுருட்டி என் மடியில் வைத்து
"எண்ணிக்கோக்கா,
போன வருசம் ஒண்ணு காணாமப் போயி
சாமியார்கிட்ட நான் பேச்சு வாங்குனேன்" என்றான்.

அம்பு இல்லாமல் பார்த்தால்
குட்டையில் குளிக்கச் சட்டை கழற்றிய
எங்கள் தெருப் பையன் மாதிரி இருந்தார்.
உடம்பில் ஆறு துளை.
ஒன்றுக்குள் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது.

நான் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
காயம் கட்டுகிறவள், பதினெட்டு வருசமாக.
துளையைக் கண்டால் கை தானாகப் பஞ்சு தேடும்.

அவர் அம்பால் சாகவில்லை.
செத்தார் என்று நினைத்துத்தான்
மரத்தோடு விட்டுப் போனார்கள் வில்லாளிகள்.
இருட்டியதும் பிணம் எடுக்க வந்தாள் ஐரீன் என்றொருத்தி.
அவள் புருசனை
மணல் பள்ளத்தில் தள்ளி மேலேயே மூடியிருந்தார்கள்.
கைம்பெண். கோடித்துணியோடு வந்தவள்
மூச்சுச் சத்தம் கேட்டு
துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

பிரசங்கத்தில் இது அரை வரி.
எனக்குப் போதாது.
எந்த அம்பை முதலில் எடுத்தாள்?
நெஞ்சை ஒட்டியதைக் கடைசிக்கு வைத்திருப்பாள்,
நானாக இருந்தால் அப்படித்தான்.
எடுத்த கணம் பீறிடும், அழுத்த இன்னொரு கை வேண்டும்.
விளக்கு யார் பிடித்தது?
அவர் கத்தாமல் இருக்க வாயில் எதை வைத்தாள்?

பர்கூர் சாலையில் ஒரு மாந்தோப்புக்குள்
வேடியப்பன் கல் இருக்கிறது.
மாடு மீட்கப் போய் விழுந்தவன்.
அவன் மார்பிலும் மூன்று அம்பு.
இரண்டு பக்கமும் தேவமாதர்,
தோளைப் பிடித்து மேலே கூட்டிப் போகிறார்கள்
அம்போடு.
ஒருத்திக்குக்கூடப் பிடுங்கத் தோன்றவில்லை.

மாதப்பனுக்குக் குவாரி வெடியில்
பதினொரு சில்லு.
டாக்டர் ஏழு எடுத்தார், நான் நாலு.
கப்பலேறிப் போகிற கல்.
எவர்சில்வர் தட்டில் விழும்போது
சில்லறை மாதிரிதான் சத்தம்.
நாற்பதாம் நாள் கடைசிக் கட்டைப் பிரித்து
"அந்தப் பக்கமே போகாதே" என்றேன்.
பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்:
"உள்ள மூணு பேரு கெடக்கறாங்க சிஸ்டர்.
ரிஜிஸ்டர்ல பேரே இல்ல. கேக்கணும்."

ஐரீனும் சொல்லித்தான் இருப்பாள்.
செபஸ்தியார் ஓடவில்லை.
காயம் ஆறியதும்
அரசன் இறங்கி வரும் படிக்கட்டில் போய் நின்றார்.
இந்தத் தடவை தடி.
அடித்துச் சாக்கடையில் போட்டார்கள்.
அந்தச் சாவுக்குச் சுரூபம் இல்லை.
பிழைத்துக்கொண்ட சாவைத்தான்
வருசா வருசம் பெயின்ட் அடிக்கிறோம்.

மாதப்பன் கேட்டுக்கு முன்னால் ஒன்பது நாள் நின்றான்.
பத்தாம் நாள் லாரி என்று எழுதினார்கள்.
என் வார்டுக்கு வரவில்லை,
நேராகப் பின்கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள்.
போய்ப் பார்த்தேன்.
நான் போட்ட தையல்
ஒன்றுகூடப் பிரியவில்லை.

திருவிழா அன்று சாயந்தரம்
தொபியாஸ் கை நீட்டினான்.
ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.
முதுகுப்பக்கத் துளையில் விரலால் பட்டி வைத்துத் தேய்த்திருந்தேன்,
ஈரம் காய்ந்திருந்தது.
சப்பரம் கிளம்பிற்று.
உப்பும் மிளகும் வீசினார்கள்.
குளிர், மாம்பூ வாசம், ஜெனரேட்டர் புகை.
மேரிப்பிள்ளை மட்டும் அண்ணாந்து
விரல் விட்டு எண்ணிவிட்டு
என் பக்கம் திரும்பினாள்.
"ஆறு இருந்துச்சே?"

"ஒண்ணு ஆறிடுச்சு" என்றேன்.

கைப்பைக்குள்
தகரம் குத்திக்கொண்டே வந்தது
வீடு வரைக்கும்.